அட்டைக்கடி

ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டு இழுப்பறையில் ஒரு கிரெடிட் கார்டு தூங்கிக்கொண்டிருந்தது. அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தூங்கவே இல்லை. ராப்பகலாக வேலை பார்த்திருக்கிறது. வேலை எனக்கில்லை, வங்கிக்கும் சுங்கத்துறைக்கும்.

நம் பத்திரிகைக்காரர்கள் அதற்கு 'கடன் பற்று அட்டை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பெக்கோக்கில் பிறந்தவனுக்கு அட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிளாஸ்டிக் அல்ல. சுங்கை பந்தாங் அருவிக்குப் போகும் வழியிலும், சிலாய் வாசல் வழியாக எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள் நுழையும் பாதையிலும் ஈரச் சருகின்மேல் நெளிந்துகொண்டிருக்கும் அந்த அட்டைதான். கடிப்பது தெரியாது. காலுறையைக் கழற்றும்போதுதான் ரத்தம் தெரியும். ஒன்று சொல்ல வேண்டும்: காட்டு அட்டை நாணயமானது. வயிறு நிரம்பினால் தானாக விழுந்துவிடும்.

என்னுடையதை 2016-இல் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் பிடித்தேன். இல்லை, அது என்னைப் பிடித்தது. மகளுக்குக் காலணி வாங்கப் போயிருந்தோம். மின்படிக்கட்டின் அடியில் மேசை போட்டு, கழுத்தில் நாடா மாட்டிய ஒரு பிள்ளை, "ஐயா, ஐசி மட்டும் குடுங்க, சக்கரம் வச்ச பை ஃப்ரீ" என்றாள். செம்பனை ஆலையில் சூப்பர்வைசராக இருந்த நான், சக்கரம் வைத்த பையோடு எங்கே பயணம் போகப்போகிறேன்? ஆனாலும் ஃப்ரீ. ஏழு நிமிஷம். மின்னஞ்சல் முகவரி கேட்டாள், இல்லை என்றேன். அவளே என் கைப்பேசியை வாங்கி ஒன்று உண்டாக்கினாள். கடவுச்சொல்லையும் அவளே போட்டாள். கையெழுத்து மட்டும் என்னுடையது.

பையின் சக்கரம் ஆறாவது மாதம் கழன்றது. கார்டு ஒன்பது வருஷம் கழலவில்லை.

அந்தக் கார்டால் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் அதை நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, லைசென்ஸ மாத்தி எடுத்துட்டீங்க" என்பார்கள். இப்போது கியூஆர் படம் ஒட்டியிருக்கிறார்கள்; அதற்கும் இந்த அட்டைக்கும் சம்பந்தமில்லை.

போன வருஷம் மகள் கூலாயில் வீடு வாங்கக் கடன் போட்டாள். கூட்டுக் கடனாளியாக அப்பா கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. வங்கி அதிகாரி கணினியை என் பக்கம் திருப்பினார். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கை. 2001 முதல் நாட்டில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்திருக்கும் சித்ரகுப்தன் ஏடு அது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒழுங்காகக் கட்டியவனுக்குச் சுழியம், ஒரு மாதம் தவறினால் ஒன்று, இரண்டு மாதம் தவறினால் இரண்டு. என் வரிசையில் பத்துச் சுழியம். கடைசியில் ஒரு ஒன்று, ஒரு இரண்டு.

"அங்கிள், கிரெடிட் கார்டுல ரெண்டு மாசம் டியூ."

"நான் அதத் தொட்டதே இல்லையே."

"அதான் அங்கிள் பிரச்சினை."

விஷயம் இதுதான். 2018 செப்டம்பர் 1-ஆம் தேதி விற்பனை, சேவை வரி திரும்பி வந்தபோது ஒவ்வொரு கிரெடிட் கார்டுக்கும் வருஷத்துக்கு 25 வெள்ளி என்று வைத்தார்கள். பொருள் வாங்கினால் வரி, சோறு தின்றால் வரி, சரி. இது கார்டை வைத்திருப்பதற்கே வரி. தேய்த்தாலும் 25, தேய்க்காவிட்டாலும் 25. சேவை வரி என்று பெயர். ஒன்பது வருஷமாக இழுப்பறையில் கரப்பான் முட்டைக்குக் காவல் இருந்ததுதான் அது எனக்குச் செய்த சேவை. முதல் சில வருஷம் வங்கியே ஏதோ சலுகை என்று அந்தத் தொகையை விழுங்கிக்கொண்டது. பிறகு விழுங்குவதை நிறுத்திவிட்டது. நிறுத்தியதைச் சொல்லாமல் இல்லை, சொல்லியிருக்கிறது. அந்தப் பிள்ளை உண்டாக்கிய மின்னஞ்சலுக்கு. அவள் போட்ட கடவுச்சொல் இந்நேரம் அவளுக்கே மறந்திருக்கும்.

25 வெள்ளி வரி. கட்டாததற்கு முதல் மாதம் தாமதக் கட்டணம் 10 வெள்ளி. நிலுவையில் நூற்றுக்கு ஒன்று அல்லது பத்து வெள்ளி, எது அதிகமோ அது. இருபத்தைந்து வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று என்றால் இருபத்தைந்து காசு. ஆகவே பத்து வெள்ளி. கடன் சிறியதாக இருக்கும் குற்றத்துக்கு நாற்பது மடங்கு. இரண்டாம் மாதம் இன்னொரு பத்து. மேலே சில்லறை வட்டி. மொத்தம் 45 வெள்ளி 80 காசு. ஒரு குண்டூசிக்கும் கடன்படாதவன் இப்படித்தான் நாட்டின் ஏட்டில் கடன்காரன் ஆனான்.

அதிகாரி ஆறுதலாகச் சொன்னார்: "இருபத்தஞ்சு வெள்ளிதானே அங்கிள்." இந்தத் 'தானே' எனக்குப் பழக்கமான சொல். தோட்டத்தில் கிராணியும் இப்படித்தான் சொல்வார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளி நடுத்தெருவுக்கு வந்த 1960-இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக வாங்கித்தான் அந்தச் சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. பத்து வெள்ளியின் கனம் தெரிந்த சனம் இது. பத்து வெள்ளி 'தானே' ஆகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவன் பையிலிருந்து எடுக்கும்போது.

சரி, கட்டித் தொலைத்துவிட்டு மூடிவிடலாம் என்று சிகாமட்டுக்கு வண்டி விட்டேன். பணம் போடும் இயந்திரம் சில்லறை வாங்காது, நோட்டு மட்டும்தான். ஐம்பது வெள்ளி போட்டேன். கணக்கு தீர்ந்தது, மீதி நாலு வெள்ளி இருபது காசு என் பெயரில் நின்றது. அந்த நாலு வெள்ளி இருபது காசுதான் பின்னால் கதாநாயகன்.

மூடும் முன்பு வீட்டில் ஒரு மாநாடு கூடியது. அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அமெரிக்கக்காரர்களின் வீடியோ பார்த்துப் பணம் பண்ணக் கற்றவன். "மாமா, மூடாதீங்க. பழைய கார்ட மூடினா ஸ்கோர் விழுந்துரும்." கலிபோர்னியாவில் மழை பெய்தால் இவன் பெக்கோக்கில் குடை பிடிக்கிறான். அமெரிக்காவின் ஃபைக்கோ மதிப்பெண்ணில் கடன் வரலாற்றின் நீளத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து. நம் சிடோஸ் மதிப்பெண்ணில் அதற்கு ஏழுதான். ஒழுங்காகக் கட்டுவதற்கு 45. அந்த ஏழு விழுக்காட்டைக் காப்பாற்றக் கார்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறான்; மறந்துபோன வரி வந்து ஏற்கெனவே நாற்பத்தைந்தில் ஓட்டை போட்டுவிட்டது. வேலியைக் காப்பாற்ற வெள்ளாமையைக் கொடுத்த கதை. நியாயமாகச் சொன்னால், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கார்டு, ஆண்டுக் கட்டணமில்லை, மாதம் ஒருமுறை பெட்ரோல் ஊற்றி முழுசாகக் கட்டுகிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அது பயன்படுத்தும் கார்டு, நான் பேசுவது அதைப் பற்றி அல்ல.

மைத்துனர் வேறு விதம். "இருக்கட்டுமே, பர்சுல இருந்தா ஒரு மதிப்புதான்." நம் கல்யாண வீடுகளில் மொய் எழுதுமிடத்தில் பர்சைத் திறந்து, நோட்டைத் தேடுகிற சாக்கில் தங்க நிற அட்டைகளை விசிறிபோல் விரிக்கும் ஆண்கள் பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும். கடன் வாங்க நமக்கு இத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்று காட்டுவதில் இந்த இனத்துக்கு எப்போது பெருமை வந்தது? என் அப்பா கடைக்காரரிடம் கடன் வைத்திருந்தார். அதை ஊருக்கு விசிறிக் காட்டவில்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாத நாள்களில், தலை குனிந்து, பின்வாசல் வழியாகப் போய்ச் சாமான் வாங்கினார்.

அந்தக் கடையில் ஒரு 555 புத்தகம் இருக்கும். உள்ளங்கை அகலம்தான். அரிசி, உப்புக் கருவாடு, மண்ணெண்ணெய் என்று பென்சிலில் ஏறும். சம்பள நாளில் அப்பா பணத்தை வைப்பார். கடைக்காரர் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, குறுக்கே ஒரு கோடு இழுத்து, அந்தத் தாளை அப்பாவின் கண்ணெதிரே கிழித்துப் போடுவார். முடிந்தது. கணக்கை மூட ஒரு கோடும் ஒரு கிழியும் போதும். அவர் ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. கருவாட்டில் எடை குறைப்பார், விலையில் ஏற்றுவார். ஆனால் தீர்ந்த கணக்கைத் தீர்ந்தது என்று ஒப்புக்கொள்ளும் நாணயம் அவரிடம் இருந்தது.

இப்போது கதைக்கு வருகிறேன். கார்டை எடுக்க ஏழு நிமிஷம். இன்றைக்கு அதே வங்கியின் செயலியில் இன்னொரு கார்டுக்கு விண்ணப்பிக்க மூன்று பொத்தான்கள். மூட? செயலியில் பொத்தானே இல்லை. தேடினேன், மகள் தேடினாள், சிங்கப்பூர் மேதையும் தேடினான். கார்டின் நிறத்தை மாற்றலாம், வரம்பை ஏற்றலாம், மனைவிக்குத் துணை அட்டை எடுக்கலாம். வெளியேற வழி கிடையாது. தொலைபேசியில் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டேன். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, சீனத்துக்கு மூன்று. கார்டு தொலைந்தால் இது, புதிய கார்டு வேண்டுமானால் அது. புதிய கார்டு எண்ணை அழுத்தினால் முதல் மணியிலேயே எடுக்கிறார்கள் என்று பிறகு கண்டுபிடித்தேன். மற்றதற்கு இசை. இருபத்தாறு நிமிஷம் ஒரே இசை. ஒருவழியாக ஒரு பெண் வந்தாள், பேரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"ஏன் அங்கிள் மூடணும்? எங்க சேவை திருப்தியில்லையா?"

"உங்க சேவைய நான் பயன்படுத்தினதே இல்லம்மா."

"அப்ப பயன்படுத்திப் பாருங்க அங்கிள். இந்த வருஷம் வரிய நாங்களே கழிச்சிக்கிறோம். பன்னெண்டு தடவ தேய்ச்சா ஆண்டுக் கட்டணமும் இல்ல."

"வேண்டாம்மா."

"வேற வங்கில பாக்கி இருந்தா பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பண்ணித் தரோம். ஆறு மாசம் வட்டியில்ல."

இந்த இடத்தில் கோபம் வந்தது. அந்தப் பெண்மேல் இல்லை. அவள் சம்பளத்துக்கு வாசிக்கிறாள். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்ற சொல் மேல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளிக்குக் கங்காணியிடம் எவ்வளவு கடன் என்று ஒரு சின்னத் தாளில் எழுதுவார்கள். அந்தக் கடனை அடைத்து ஆளை அழைத்துக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் அவன் போக முடியும். புதுத் துரை பழைய துரைக்குப் பணம் கட்டுவார். கடன் தீராது, கை மாறும். கடனோடு சேர்ந்து ஆளும் கை மாறுவான். இது மனிதனை விற்கும் வேலை என்று அன்றைய வெள்ளைக்கார அரசாங்கத்துக்கே வெட்கம் வந்து 1921-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. மலாயாவில் 1910-இல் ஒப்பந்தக்கூலி முறையை ஒழித்தார்கள், 1938-இல் கங்காணி ஆள்கட்டுவதும் நின்றது. நூறு வருஷம் கழித்து அந்தத் துண்டு பளபளவென்று திரும்பி வந்திருக்கிறது. புது வங்கி பழைய வங்கிக்குக் கட்டும், ஆள் கை மாறுவான், வட்டியில்லாத ஆறு மாதம் கழித்துப் பழைய வட்டியே தொடங்கும். தாத்தா தப்பித்து வந்த வலைக்குள் பேரன் தானே வரிசையில் நின்று விண்ணப்பம் போடுகிறான். கூடவே ஒரு பையும் தருகிறார்கள்.

தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் இன்னும் ஒருவன் இருக்கிறான், அவனைச் சொல்லாமல் விட முடியாது. கிரெடிட் கார்டு வாங்க வருஷ வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டால் பெருக்கினால் 20,400. ஆகவே குறைந்தபட்சச் சம்பளத்தில் செம்பனைக் குலை தூக்குகிறவன் வங்கியிடம் கடன்படக்கூடத் தகுதியில்லாதவன். விதி நல்லதற்குத்தான், அவனைக் கடனிலிருந்து காப்பாற்ற. அவன் காப்பாற்றப்பட்டு நேராக ஆலோங் என்ற கந்துவட்டிக்காரனிடம் போகிறான். விளக்குக் கம்பம்தோறும் ஒட்டியிருக்கும் அந்தத் தொலைபேசி எண்களுக்கு வருமானச் சான்று வேண்டாம். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவதற்கு வீட்டு முகவரி போதும்.

கார்டு வாங்கும் தகுதியோடு மேலிருப்பவனுக்கு ஒரு காலத்தில் சுரணை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2010 ஜனவரி முதல் தேதி, முதன்மை அட்டைக்கு 50 வெள்ளியும் துணை அட்டைக்கு 25 வெள்ளியும் வரி வந்தது. மக்கள் நிதானமாகச் செலவழிக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அந்த ஒரே வருஷத்தில் நாட்டில் புழங்கிய அட்டைகளில் இரண்டு மில்லியனுக்கு மேல் மறைந்துபோயின. அதாவது இரண்டு மில்லியன் அட்டைகள் சும்மாவே கிடந்திருக்கின்றன. 50 வெள்ளி வலித்ததும் சனம் கத்திரிக்கோலை எடுத்தது. 2015-இல் ஜிஎஸ்டி வந்து அந்த வரி போனது. 2018-இல் திரும்பி வந்தபோது 25. இந்த எண்ணைக் கண்டுபிடித்தவன் அட்டை வளர்த்தவனாகத்தான் இருப்பான். ஐம்பது கடித்தால் தெரியும், உதறிவிடுவோம். இருபத்தைந்து ஊர்வது தெரியாது.

தொலைபேசிக்குத் திரும்புவோம். "மூடியே ஆகணும்மா" என்றேன்.

"சரி அங்கிள். ஆனா உங்க கணக்குல நாலு வெள்ளி இருபது காசு கிரெடிட் இருக்கு. சுழியம் ஆனாதான் மூட முடியும்."

"அத எடுத்துக்குங்கம்மா, கோயில் உண்டியல்ல போட்ட மாதிரி."

"அப்படி எடுக்க எங்களுக்கு அனுமதியில்ல அங்கிள்."

கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வெள்ளியை என்னைக் கேட்காமல் இரண்டு முறை எடுக்க அனுமதி இருந்தது. நான் கொடுக்கும் நாலு வெள்ளியை வாங்கிக்கொள்ள அனுமதி இல்லை.

அவளே ஒரு யோசனை சொன்னாள்: "சரியா நாலு வெள்ளி இருபது காசுக்கு ஏதாவது வாங்கிடுங்களேன் அங்கிள்."

ஆக, பயன்படுத்தாத கார்டை மூட வேண்டுமானால் முதலில் அதைப் பயன்படுத்த வேண்டும். ஒன்பது வருஷ விரதத்தைச் சரியாக நாலு வெள்ளி இருபது காசுக்கு முறிக்க வேண்டும். ஒரு காசு கூடினால் கடன், ஒரு காசு குறைந்தால் கிரெடிட். தே தாரிக்கையும் ரொட்டி சானாயையும் கூட்டிக் கழித்தேன். அந்தக் கணக்கு எங்கள் ஊரில் அமைந்தாலும் கார்டு எடுக்கும் கடை இல்லை. யோங் பெங் போய் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கொடுத்துப் பார்த்தேன். இயந்திரம் மறுத்தது. பாக்கி இருந்ததால் கார்டை முடக்கி வைத்திருக்கிறார்களாம்; முடக்கத்தை எடுக்கத் தொலைபேசியில் கூப்பிட வேண்டுமாம். இசை.

இதற்கிடையில் வேறொரு அழைப்பு. "உங்க கிரெடிட் கார்டுல பாக்கி, போலீஸ் கேஸ் ஆயிருக்கு, உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்க." மக்காவ் மோசடி. கார்டே இல்லாதவன் சிரித்துவிட்டு வைத்துவிடுவான். கார்டை மறந்துபோனவன்தான் ஒரு விநாடி தயங்குவான், நானும் தயங்கினேன். மறந்த கார்டு திருடனுக்கும் உதவி செய்கிறது. அப்படி அழைப்பு வந்து பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐக் கூப்பிடுங்கள், வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அமெரிக்காவில் 1958-இல் ஃபிரெஸ்னோ என்ற ஊரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, யாரும் கேட்காமலே அறுபதாயிரம் பேருக்குத் தபாலில் கார்டை அனுப்பிவைத்தது. இந்தக் கார்டுத் தொழில் பெருகியதே அப்படித்தான்: முதலில் உன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், வேண்டுமா என்ற கேள்வி பிறகு. கேட்காமல் கார்டு அனுப்புவதை அமெரிக்கா 1970-இல் தடுத்தது. உள்ளே வருவதற்குத்தான் தடை. வெளியே அனுப்ப எத்தனை நிமிஷம் ஆகலாம் என்று எந்தக் கடிகாரமும் ஓடவில்லை.

வங்கியோடு மூன்றாம் முறை பேசியபோது நான் மாறிவிட்டேன். நயமாகப் பேசவில்லை. பிஎன்எம்லிங்க் எண்ணான 1-300-88-5465-ஐ மெதுவாக ஒவ்வொரு இலக்கமாக வாசித்துக் காட்டி, இதுதானே பேங்க் நெகாராவின் எண், சரிபாருங்கள் என்றேன். இசை நின்றது. மேலாளர் வந்தார். முடக்கம், கிரெடிட், படிவம் எல்லாம் ஒரே மூச்சில் கரைந்தன. கார்டு மூடப்பட்டது, மீதித் தொகை சேமிப்புக் கணக்குக்கு வரும் என்றார். மூடியதற்கு எழுத்தில் சான்று கேட்டேன், அதற்கும் ஒப்புக்கொண்டார். நீங்களும் கேளுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் காப்புறுதி, கைப்பேசிக் கட்டணம் ஏதாவது அந்தக் கார்டில் தொங்கினால் முதலில் அதை மாற்றிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், இலவசம்தான். அட்டையை வெட்டும்போது சில்லின் குறுக்கே வெட்டுங்கள்.

நான் வெட்டினேன். அப்பாவின் கடைக்காரர் தாளைக் கிழிப்பாரே, அந்த வேகத்தோடு வெட்டப் பார்த்தேன். கத்திரிக்கோல் வழுக்கியது. பிளாஸ்டிக் கெட்டி.

மகளின் வீட்டுக் கடன் என் பெயர் இல்லாமல் அவள் சம்பளத்தில் மட்டும் போயிற்று. தொகை குறைந்தது, கைக்காசு கூடுதலாகப் போட வேண்டி வந்தது. சித்ரகுப்தன் ஏட்டில் அந்த ஒன்றும் இரண்டும் மாதத்துக்கு ஒரு கட்டமாக நகர்ந்துகொண்டிருக்கின்றன; பன்னிரண்டு மாதம் முடிந்தால்தான் வெளியே விழும்.

மேலாளர் சொல்லி இன்றோடு நாற்பத்தொரு நாள். சான்றுக் கடிதம் வந்துவிட்டது. நாலு வெள்ளி இருபது காசு இன்னும் வரவில்லை.